சிறை: சொல்லும் பொருளும் வழக்கும்

‘சிறை’ என்னும் சொல்லுக்கு முதற்பொருள் கட்டடம் அன்று. பக்கம், சிறகு, கரை, அணை, வேலி, மதில், காவல், அடைத்துவைத்தல், அடைத்துவைக்கும் இடம், அடைபட்ட ஆள் என்று அதன் பொருள்கள் அகராதிகளில் நீண்டு செல்கின்றன. இன்று நினைவுக்கு முதலில் வருவது அடைத்துவைக்கும் இடம். பழைய நூல்களிலோ மற்றப் பொருள்களே தாராளமாகப் புழங்கின.

சங்கப் பாடல்களில் ‘ஒருசிறை’ என்றால் ஒரு பக்கம், ஓர் ஓரம். பறவையின் இரு பக்கத்து உறுப்புக்கும் சிறை என்றே பெயர்; பிற்காலத்தில் சிறகு என்ற வடிவம் அதற்கு நிலைத்துவிட்டது. ஆற்றுக்குப் பக்கம் கரை. நீரை மறிக்கும் அணையும் சிறைதான். பாய்ந்துவரும் பகைப்படையைத் தனியொருவனாகத் தாங்கி நிற்கும் வீரனுக்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்லும் உவமை, வெள்ளத்தைத் தடுக்கும் கற்சிறை. குறுந்தொகை முதலிய அகநூல்களின் துறைக் குறிப்புகளில் ‘சிறைப்புறம்’ என்ற சொல் அடிக்கடி வரும். வீட்டு வேலிக்கு அப்பால் தலைவன் ஒதுங்கி நிற்பான். அவன் காதில் விழும்படி தோழி தலைவியிடம் பேசுவாள். இங்கெல்லாம் சிறை என்பது எல்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று பிரித்து நிற்கும் தடுப்பு. குற்றத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

திருக்குறளில் இச்சொல் மூன்று இடங்களில் கவனிக்கத்தக்கது. 499ஆம் குறளிலும் 569ஆம் குறளிலும் சிறை என்பது அரண். போர் வருவதற்குமுன் அரண் செய்துகொள்ளாத அரசன் அஞ்சிக் கெடுவான் என்று சொல்லும் இடத்தில், சிறை செய்தல் நல்ல அரசனின் கடமையாகிறது. 57ஆம் குறள் வேறு வகை. மனையில் அடைத்துவைத்துக் காக்கும் காவலால் பெண்ணுக்கு ஆகும் பயன் என்ன என்று அது கேட்கிறது. அகப்பாடல்களில் பருவம் வந்த பெண்ணை வெளியே விடாமல் வீட்டில் வைப்பதற்கு ‘இற்செறிப்பு’ என்று பெயர். எந்தக் குற்றமும் செய்யாதவரை அடைத்துவைத்து அதற்குக் காப்பு என்று பெயரிடும் பழக்கம் அத்தனை பழையது. அந்தக் காவல் வீண் என்று ஒரு நீதிநூல் வெளிப்படையாகச் சொன்னது தமிழுக்குப் பெருமை.

ஆளைப் பிடித்து வைத்தல் என்னும் பொருளுக்குத் தமிழில் எல்லாரும் அறிந்த பழஞ்சான்று புறநானூற்றின் 74ஆம் பாட்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானோடு திருப்போர்ப்புறத்தில் பொருது பிடிபட்டான்; குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான்; தண்ணீர் கேட்டான்; உடனே தரவில்லை; பிறகு கொண்டுவந்து தந்ததை உண்ணாமல் உயிர் விட்டான். இவ்வளவும் பாட்டின் அடிக்குறிப்பில் உள்ள செய்தி. பாட்டுக்குள் சிறை என்ற சொல்லே கிடையாது. சங்கிலியில் கட்டிப்போட்ட நாயைப் போலத் தன்னை இருத்திவைத்தார்கள் என்றுதான் மன்னன் சொல்கிறான். அவனை வதைத்தது சுவர் அன்று. எழுந்து போக முடியாமையும், குடிக்கிற தண்ணீருக்குப் பகைவன் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்ததும்தான். பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்று இன்னொரு மரபும் வழங்குகிறது. இரண்டு கதையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆனால் அடிக்குறிப்பு எழுதியவர் காலத்தில் ‘கோட்டம்’ என்ற சொல் சிறையோடு இணைந்துவிட்டது என்பது தெளிவு. கோட்டம் என்றால் வளைத்து மதில் எடுத்த இடம். கோயிலுக்கும் அதுவே பெயர்.

பட்டினப்பாலையில் கரிகாலன் கதை வருகிறது. கூட்டுக்குள் வளர்ந்த புலிக்குட்டி போலப் பகைவர் காவலில் இருந்து வலிமை பெற்று, தப்பி, ஆட்சியைக் கைப்பற்றினான் என்கிறது அப்பாட்டு. அந்த இடத்துக்கு அது தரும் பெயர் ‘பிணியகம்’. பிணி என்றால் கட்டு. கட்டிவைக்கும் அகம் பிணியகம். ஆங்கிலேயர் வழியாகத் தமிழில் புகுந்த ‘ஜெயில்’ என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்குப் பொருள் சிறு கூண்டு. அவர்களுடைய இன்னொரு சொல்லான ‘பிரிசன்’ பிடித்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வேரில் பிறந்தது. நம்முடைய ‘கைது’, ‘கைதி’ இரண்டும் அரபு மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தவை. ‘கை’ என்ற தமிழ்ச் சொல்லோடு ஒட்டி ஒலிப்பதால் தமிழ்போலத் தோன்றும். அரபு மூலத்துக்குப் பொருள் தளை. கூண்டு, பிடி, தளை, கட்டு என எந்த மொழியில் போனாலும் இச்சொற்களின் அடியில் கிடப்பது அசையவிடாமை ஒன்றே.

காப்பியங்களில் சிறை ஒரு நிறுவனமாகத் தெரியத் தொடங்குகிறது. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் வார்த்திகன் என்ற பார்ப்பனனைப் புதையல் பொருளைக் கவர்ந்தான் என்ற பொய்ப் பழியில் அரசனின் ஏவலர் சிறைக்கோட்டத்தில் இடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுகிறாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் விசாரித்துத் தவற்றை உணர்ந்து வார்த்திகனை விடுவித்து, திருத்தங்காலும் வயலூரும் அவனுக்குக் கொடுத்து, சிறைகளைத் திறந்துவிடச் சொல்கிறான். புதையலாகக் கிடைத்த பொருள் கண்டெடுத்தவர்க்கே என்றும் முரசறைவிக்கிறான். விசாரிக்காமல் ஒருவனை அடைத்தது முறைகேடு என்பதும், அதற்கு அரசு ஈடு செய்ய வேண்டும் என்பதும், தவற்றுக்கு வழிவகுத்த விதியையே திருத்த வேண்டும் என்பதும் இந்தச் சிறு கிளைக்கதையில் அடங்கியிருக்கின்றன. கோவலன் கதைக்குப் பக்கத்திலேயே இளங்கோவடிகள் இதை வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

மணிமேகலையில் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’, ‘சிறைசெய் காதை’, ‘சிறைவிடு காதை’ என மூன்று காதைகளின் பெயரிலேயே சிறை இருக்கிறது. கையில் அமுதசுரபியோடு சிறைக்குள் போய்ப் பசித்துக் கிடந்தவர்களுக்குச் சோறிட்ட மணிமேகலை, அரசனிடம் கேட்டது பொன்னும் பொருளும் அன்று. அந்தக் கோட்டத்தை அறச்சாலையாக மாற்றித் தர வேண்டும் என்பதுதான். அரசன் இசைந்தான். பின்னர் அவளையே அரசி அடைத்துவைத்துத் துன்புறுத்தினாள் என்று கதை போகிறது. சிறையைச் சீர்திருத்த வேண்டும் என்றுகூட மணிமேகலை கேட்கவில்லை, எடுத்துவிட வேண்டும் என்றே கேட்டாள்.

போரில் பிடிபட்ட பெண்களும் சிறை என்றே வழங்கப்பட்டனர். அகராதியில் சிறை என்ற சொல்லுக்கு அடிமை என்றும் இளம்பெண் என்றும் பொருள் ஏறியது இவ்வாறு இருக்கலாம். பட்டினப்பாலை சொல்லும் கொண்டி மகளிர் பகைநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டு மன்றத்தில் விளக்கேற்றியவர்கள். சோழர் தலைநகரங்களில் இருந்த ‘வேளம்’ என்னும் குடியிருப்புகளில் இப்படிப் பிடித்துவரப்பட்ட பெண்களும் பணிமக்களாக இருந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். வைணவ ஆசாரியர்கள் சீதையைச் ‘சிறையிருந்தவள்’ என்றே சிறப்பித்துப் பேசினார்கள். சிறைப்பட்டது அவளுக்கு இழுக்கு அன்று, ஏற்றம் என்பது பிள்ளை உலகாசிரியரின் ஸ்ரீவசனபூஷணம் நிறுவும் கருத்து. சிறை சென்றவரைக் குற்றவாளி என்று பாராமல் தியாகி என்று கொள்ளும் மனம் விடுதலைப் போராட்டத்துக்கு வெகுகாலம் முன்பே இங்கு இருந்தது.

இடைக்காலத்தில் குற்றத்துக்குத் தண்டனையாகச் சிறை பெருவழக்காக இருந்ததாகக் கல்வெட்டுகள் காட்டவில்லை. வேட்டையில் தவறிப்போய் ஆளைக் கொன்றவன் கோயிலுக்கு நந்தா விளக்கு எரிக்க ஆடுகள் கொடுத்துக் கழுவாய் தேடியதாகச் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு என்பது வழக்கமான கணக்கு. மற்றக் குற்றங்களுக்குத் தண்டம் என்பது பெரும்பாலும் பொன். ஐரோப்பாவிலும் நிலை ஏறத்தாழ இதுவே. ஆளை வைத்திருக்கவே சிறை, தண்டிக்க அன்று என்று உரோமச் சட்ட அறிஞர் உல்பியன் 3ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

சுவரே இல்லாத சிறை ஒன்றும் இந்த மண்ணில் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ அதைப் பதிவு செய்திருக்கிறார். கடன் வாங்கியவன் பலமுறை தவணை சொல்லி ஏமாற்றினால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிடலாம். கடனைத் தீர்க்காமலோ ஈடு தராமலோ வட்டத்தைத் தாண்டினால் கடுந்தண்டனை. அரசனே அயல்நாட்டு வணிகர் ஒருவருக்குக் கடன்பட்டிருந்தான். நாள் கடத்திக்கொண்டே போனான். ஒருநாள் அவன் குதிரைமேல் வந்தபோது வணிகர் குதிரையோடு சேர்த்து அவனைச் சுற்றி வட்டம் இட்டுவிட்டார். அரசன் குதிரையை நிறுத்தினான்; வணிகருக்குத் தீர்வு கிடைக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை. பார்த்தவர்கள் அவனை வியந்தார்கள் என்கிறார் போலோ. மதில் இல்லை, காவலன் இல்லை, விலங்கு இல்லை. சட்டம் ‘நில்’ என்றது, மன்னன் நின்றான்.

மறித்து நிறுத்தும் இந்தச் செயலுக்கு ஏற்ற சொல் ‘மறியல்’. தமிழ்நாட்டில் அது இன்று பெரும்பாலும் சாலையை மறிப்பது போன்ற போராட்டத்தைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழில் அதன் பழைய பொருள் உயிரோடிருக்கிறது. அங்கே மறியல் என்றால் சிறை. மறியற்சாலை என்றால் சிறைச்சாலை. நீதிமன்றம் விசாரணைக்காக அடைத்துவைப்பது விளக்கமறியல். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் ‘ரிமாண்டு’ என்றும் ‘நீதிமன்றக் காவல்’ என்றும் எழுதுவதைக் கொழும்புச் செய்தித்தாள்கள் ஒரே சொல்லில் எழுதிவிடுகின்றன.

ஆங்கிலேயச் சட்டமும் கட்டடத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. பொதுச் சிறையில் வைத்தாலும், தனியார் வீட்டில் வைத்தாலும், தெருவில் வலுவாகப் பிடித்து நிறுத்தினாலும் சிறைவைப்புதான் என்று 1760களில் பிளாக்ஸ்டன் எழுதினார். எது சிறைவைப்பு ஆகாது என்பதற்கு 1845இல் வந்த ஒரு வழக்கு எல்லை வகுத்தது. இலண்டன் ஹாமர்ஸ்மித் பாலத்தில் படகுப் பந்தயம் பார்ப்பவர்களுக்காக நடைபாதையின் ஒரு பகுதியை அடைத்திருந்தார்கள். அதன் வழியாகப் போக முயன்றவரை மறித்தார்கள். வந்த வழியே திரும்பிப் போக அவருக்குத் தடை இல்லை. ஒரு திசை மட்டும் அடைபட்டால் அது தடை. எல்லாத் திசையும் அடைபட்டால்தான் சிறை என்று தீர்ப்பாயிற்று. 1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 339, 340 ஆகிய பிரிவுகளில் இதே வேறுபாட்டைத் தனித்தனிக் குற்றங்களாக வைத்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 126, 127ஆம் பிரிவுகள். கடையில் வேலைக்கு இருப்பவரை நகை காணவில்லை என்று முதலாளி அறையில் வைத்துப் பூட்டினால், அது ஒருமணி நேரமே ஆனாலும், முதலாளி செய்தது குற்றம்.

குற்றம் உறுதியானபின் குறிப்பிட்ட காலம் அடைத்துவைப்பதே தண்டனை என்ற எண்ணம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் உலகில் வேர்விட்டது. ஜான் ஹோவர்டு 1777இல் ஆங்கிலச் சிறைகளின் அவலத்தை நூலாக்கினார். பெந்தம் 1791இல் நடுக் கோபுரத்திலிருந்து எல்லா அறைகளையும் கண்காணிக்கும் கட்டட வரைவை வெளியிட்டார். அந்த அலை கும்பினி ஆட்சி வழியாக இங்கும் வந்து சேர்ந்தது. 1837இல் சென்னை மத்திய சிறை எழுந்தது. வேலூர், சேலம், திருச்சி, கோவைச் சிறைகள் பின் தொடர்ந்தன. புழல் சிறை 2006இல் வந்தபின் சென்னையின் பழைய கட்டடம் 2009இல் இடிக்கப்பட்டது.

இவற்றுக்கு இணையாக நடந்தது கடல் கடத்தல். மருதுபாண்டியர் போர் முடிந்தபின் 1802இல் சிவகங்கை வேங்கை பெரிய உடையணத் தேவர், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்டனர். 1858 முதல் அந்தமான் அதற்குரிய இடமாயிற்று. செல்லுலார் சிறை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. மக்கள் இதைத் ‘தீவாந்தர சிட்சை’ என்றார்கள். இங்கே அடைத்துவைத்தது சுவர் அன்று, கடல்.

வ.உ.சிதம்பரனாருக்கு 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்தது இந்தத் தீவாந்தர தண்டனைதான், ஒன்றுக்கு இரண்டாக. மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவர் கோவை, கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார். கோவையில் அவர் பட்ட பாடு ‘கடுங்காவல்’ என்ற சட்டச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதைக் காட்டும். தண்டனைச் சட்டம் சிறைத் தண்டனையை இரண்டாகப் பிரிக்கிறது: வேலை வாங்கும் கடுங்காவல், வேலை வாங்காத வெறுங்காவல். கடுங்காவலில் சணல் திரிக்கவைத்தார்கள், உள்ளங்கை தோலுரிந்தது. மாடு இழுக்க வேண்டிய செக்கை ஒரு வழக்கறிஞரை இழுக்கவைத்தார்கள். உடன் தண்டனை பெற்ற சுப்பிரமணிய சிவா தொழுநோயோடு வெளியே வந்தார். கடின உழைப்பு என்று சட்டம் சொன்னதை வதை என்று படித்துக்கொண்டது நிர்வாகம். கடுங்காவல் கைதியின் உழைப்புக்கும் நியாயமான கூலி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1998இல்தான்.

தீவாந்தர தண்டனை 1956 ஜனவரி 1 முதல் ‘ஆயுள் தண்டனை’ என மாற்றப்பட்டது. இந்தச் சொல்லைச் சுற்றித்தான் மக்களிடையே பெருங்குழப்பம் நிலவுகிறது. ஆயுள் என்றால் 14 ஆண்டு என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். ஆயுள் தண்டனை என்பது உயிர் உள்ளவரை என்று உச்ச நீதிமன்றம் 1961இல் கோபால் விநாயக் கோட்சே வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 14 என்ற எண் 1978இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்த 433ஏ பிரிவிலிருந்து வந்தது; கொலை போன்ற, மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றங்களில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு உள்ளே இருக்குமுன் அரசு முன்விடுதலை செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். அது அரசுக்கு இட்ட கட்டுப்பாடு. கைதிக்குத் தந்த உறுதி அன்று. அண்ணா நூற்றாண்டை ஒட்டி 2008இல் தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். விழாவை ஒட்டிச் சிறை திறக்கும் பழைய அரச வழக்கத்தின் தொடர்ச்சி அது. தானாகக் கிடைக்கும் உரிமை அன்று.

குற்றமே இல்லாமலும் சட்டப்படி ஒருவர் அடைபடலாம். கடன் தீர்ப்பை நிறைவேற்ற ‘சிவில் ஜெயில்’ இன்றும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. காலம் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அடைபட்டவரின் சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவரே கட்ட வேண்டும். கையில் இல்லாததற்காக ஏழையை அடைப்பது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று 1980இல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, வசதி இருந்தும் ஏய்ப்பவருக்கு மட்டுமே இந்த வழி என்று வரையறுத்தது. அடுத்தது தடுப்புக் காவல். நெருக்கடி நிலையில் ‘மிசா’ என்ற சட்டப் பெயரே தமிழில் சிறைக்கு மறுபெயராயிற்று. இப்போது 1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்துக் ‘குண்டாஸ் போட்டார்கள்’ என்கிறோம். இது நடந்த குற்றத்துக்குத் தண்டனை அன்று. இனி நடக்கக்கூடும் என்ற ஐயத்துக்காக 12 மாதம் வரை அடைப்பது. இதைத் தண்டனை என்று எழுதும் செய்தித் தலைப்புகள் பெருந்தவறு செய்கின்றன.

பேச்சு வழக்கில் சிறைக்குப் பெயர்கள் ஏராளம். கம்பி எண்ணுவது, களி தின்பது, மாமியார் வீட்டுக்குப் போவது, ‘உள்ளே’ இருப்பது என்று ஊர்தோறும் சொல்வார்கள். இவற்றிலெல்லாம் உள்ளே போனவர் குற்றவாளிதான் என்ற முடிவு முன்கூட்டியே ஒளிந்திருக்கிறது. ‘காவல்’ என்ற சொல் அப்படிப்பட்டது அன்று. அடைப்பதும் காப்பதும் அதில் ஒன்றாக இருக்கின்றன; அடைத்தவர் காக்கவும் கடமைப்பட்டவர். 1983 ஜூலையில் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோதும், 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோதும் முறிந்தது அந்தக் கடமை. சிறைக்கதவுக்குள் போனவர் தம் அடிப்படை உரிமைகளை வாசலில் விட்டுவிட்டுப் போவதில்லை என்று 1978இல் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடமாட்டத்தை எடுத்துக்கொள்ளலாம், அதனோடு தவிர்க்க முடியாமல் சேர்ந்து போவதற்கு மேல் எதையும் எடுக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை.

‘கைதி’ என்ற ஒரே சொல் இன்று இரு வேறு நிலையில் உள்ளவர்களைக் குறிக்கிறது: தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு 75 பேருக்கு மேல் குற்றம் உறுதியாகாதவர்கள். வார்த்திகனைப் போல எத்தனை பேர் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள் என்பது வழக்கு முடிந்தால்தான் வெளிப்படும். செய்தி எழுதுவோரும் பேசுவோரும் ‘விசாரணைக் கைதி’ என்ற முழுச் சொல்லை விடாமல் வழங்க வேண்டும்.

அவர்களுக்காக ஒரு விதி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவின்படி, குற்றத்துக்குரிய உச்ச தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரைப் பிணையில் விட வேண்டும். இதற்குமுன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போதும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் விலக்கு உண்டு. காலம் நிறைந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டியவர் கைதி அல்லர், சிறைக் கண்காணிப்பாளர். உள்ளே உறவினர் இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நாள் கணக்கைக் குறித்துவைத்துச் சிறை நிர்வாகத்திடமும் இலவசச் சட்ட உதவி மையத்திடமும் கேட்க வேண்டும்.